டாக்டர் ட்ரூவுக்குப் பக்கத்தில் ஆடம் எதற்கு?

கேள்வி இதுதான்: 'லவ்லைன்' என்ற பழைய அமெரிக்க வானொலி நிகழ்ச்சியின் ஒலிப்பதிவுகளைக் கேட்கிறேன், ராத்திரியில் இளைஞர்கள் போன் போட்டுக் காதல், உடம்பு, போதை என்று மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறார்கள், டாக்டர் ட்ரூ பின்ஸ்கி பொறுமையாகப் பதில் சொல்கிறார், அவர் சொல்வதெல்லாம் உருப்படி, நடுவில் உடன் நடத்தும் நகைச்சுவையாளர் ஆடம் கரோலா புகுந்து கிண்டலடித்துக் கெடுக்கிறார், டாக்டர் மட்டும் தனியாக நடத்தியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்காதா?

இருந்திருக்காது. பல வருடமாக இந்த நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவன் என்ற உரிமையில் அழுத்தமாகவே சொல்கிறேன். டாக்டர் பதில் சொல்கிறார், ஆடம் சிரிக்க வைக்கிறார் என்று மேலோட்டமாகக் கேட்டால் தோன்றும். பத்து அழைப்புகளைக் கவனமாகக் கேளுங்கள். போன் போட்டவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருப்பதை முதலில் மோப்பம் பிடிப்பது பாதி நேரம் ஆடமாகத்தான் இருக்கும். டாக்டர் அந்த வாசல் வழியாக உள்ளே போவார்.

ஆனால் ஆடம் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே நிகழ்ச்சி தொடங்கிவிட்டது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 106.7 எஃப்.எம்.மில் ஒலிபரப்பான கே-ராக் நிலையத்தில், 'புவர்மேன்' என்ற பெயரில் பேசிய ஜிம் ட்ரென்டன் 1983-இல் ஞாயிறு இரவு நிகழ்ச்சியாக இதைத் தொடங்கினார். காதல், டேட்டிங் என்று ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருடம் பக்கத்து பாசடேனாக்காரர், மருத்துவப் படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருந்த ட்ரூ பின்ஸ்கி, உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்து சேர்ந்தார். அந்த ஊரையும் அந்த வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். பிற்பாடு எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயைப் பற்றி 1981 ஜூனில் வெளிவந்த முதல் அதிகாரபூர்வ அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸில் நோயுற்ற ஐந்து இளம் ஆண்களைப் பற்றியது. 1984-இல் ரத்தப் பரிசோதனைகூடப் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்க்கிற ஒரு இளம் மருத்துவர், வெளியே வந்தால் தன் வயதுக்காரர்களும் அவர்களுக்கு இளையவர்களும் இதைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருப்பதைக் கவனிக்கிறார். அவர்கள் எதைக் கேட்கிறார்கள்? ராக் இசை போடும் இந்த ஸ்டேஷனைத்தான். அங்கே போய் உட்கார்ந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன், பிறகு அவர் செய்தவற்றில் எனக்குக் குறைகள் உண்டு என்றாலும்.

இரவு நேரம் என்பதும் தற்செயல் இல்லை. அமெரிக்க வானொலியில் ஆபாசம் என்று கருதக்கூடிய பேச்சுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. 1978-இல் பசிஃபிகா என்ற வானொலி நிறுவனத்தின் வழக்கில், குழந்தைகள் கேட்கக்கூடிய நேரத்தில் அப்படிப்பட்ட பேச்சைக் கட்டுப்படுத்த, ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்.சி.சி.க்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு பல இழுபறிகளுக்கு நடுவே, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை கொஞ்சம் தளர்வு என்று நிலைபெற்றது. லவ்லைன் லாஸ் ஏஞ்சலஸில் ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 10 முதல் 12 வரை போனது இதோடு சரியாகப் பொருந்துகிறது. உடம்பின் பாகங்களை அவற்றின் பெயரால் சொல்லாமல் எந்த மருத்துவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்? அது போக, அந்த நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் தூங்கியிருப்பார்கள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் பேசலாம். பழைய பதிவுகளில் அந்தத் தணிந்த குரல் நிறையவே கேட்கும், ரேடியோ சத்தத்தைக் குறை என்று இவர்கள் சொல்வதும் கேட்கும்.

1990-களின் தொடக்கத்தில் வாரம் ஐந்து நாள் ஆனது. 1993-இல் புவர்மேன் போய், எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் ஹெவி மெட்டல் இசை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த ரிக்கி ராக்ட்மன் வந்தார். 1995-இல் வெஸ்ட்வுட் ஒன் என்ற வானொலி வலையமைப்பு மூலம் நாடு முழுக்கப் போகத் தொடங்கியது, அதே வருடம் ஆடம் கரோலாவும் உள்ளே வந்தார், சில மாதத்தில் ராக்ட்மன் விலகிவிட, ஜோடி அமைந்தது. 2005 கடைசி வரை அந்த ஜோடிதான்.

ஆடம் யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நார்த் ஹாலிவுட்டில் வளர்ந்தவர், பெற்றோர் பிரிந்துவிட்டவர்கள், கையில் காசில்லாத வீடு. பள்ளி முடிந்ததும் கட்டட வேலை, தச்சு வேலை, கார்ப்பெட் சுத்தம் செய்வது, அப்புறம் குத்துச்சண்டைப் பயிற்சியாளர். 1994-இல் கே-ராக் காலை நிகழ்ச்சியில் விளையாட்டுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த ஜிம்மி கிம்மலை ஒரு குத்துச்சண்டைக் கூத்துக்குத் தயார்படுத்த ஆள் தேவைப்பட்டது, ஆடம் நானே வருகிறேன் என்று போய் நின்றார், அந்த வழியாகத்தான் வானொலிக்குள் நுழைந்தார். முப்பது வயது வரை மரம் அறுத்துக்கொண்டிருந்த ஒருவர், மருத்துவர் அப்பாவுக்கும் பாடகியும் நடிகையுமான அம்மாவுக்கும் பிறந்து ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்த ஒருவர், இருவரும் ஒரே மேஜையில். போன் போடுகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஆடமின் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டின் வாடை டாக்டருக்குப் புத்தகத்திலும் வார்டிலும் தெரியும், ஆடமுக்கு உடம்பிலேயே தெரியும்.

ஒரு அழைப்பு எப்படிப் போகும் என்று மாதிரிக்குச் சொல்கிறேன் (குறிப்பிட்ட எந்த அழைப்பும் இல்லை, நூற்றுக்கணக்கானவற்றின் பொதுவான வடிவம் இது). உள்ளே வருகிற போன்களை முதலில் எடுப்பது ஸ்கிரீனர். பேர், வயது, ஒரு வரியில் விஷயம், இவ்வளவுதான் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் திரைக்குப் போகும். அழைத்தவர் அதன் பிறகு லைனிலேயே காத்திருக்க வேண்டும், சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல். திரையில் இருபது வயதுப் பெண், கருத்தடை மாத்திரை ஒரு நாள் விட்டுப்போனது, என்ன செய்ய? டாக்டருக்கு இது இருபது விநாடி வேலை: ஞாபகம் வந்தவுடன் விட்டதைப் போட்டுக்கொள், மீதியை வழக்கம்போலத் தொடர். தனியாக நடத்தும் டாக்டராக இருந்தால் 'நன்றி, அடுத்த நேயர்' என்று போயிருப்பார், அது தவறும் இல்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தானே.

ஆனால் ஆடம் விட மாட்டார். காதலன் என்ன வேலை பார்க்கிறான்? வேலை இல்லை. எங்கே இருக்கிறீர்கள்? அவனுடைய அம்மா வீட்டில். இதை வைத்து ஒரு நிமிடம் கிண்டலடிப்பார், அந்தப் பெண்ணும் சிரித்துவிடுவாள், கேட்கிற நாமும் சிரிப்போம். சிரித்து முடிக்கிற இடத்தில், அதே கிண்டல் தொனி மாறாமலே, மாத்திரை எப்படி விட்டுப்போனது என்று கேட்பார். பதில் வர இரண்டு விநாடி தாமதமாகும். அவன் எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டான். அவ்வளவுதான், டாக்டரின் குரல் தணிந்துவிடும், அடிப்பானா என்று நேரடியாகக் கேட்பார், உன் அப்பா எங்கே என்று ஆடம் கேட்பார், இப்போது கேள்வி மாத்திரையைப் பற்றியதே இல்லை. அந்தப் பெண் போன் போட்டதும் மாத்திரைக்காக இல்லை, ஆனால் ஸ்கிரீனரிடம் ஒரு வரியில் சொல்ல அவளுக்கு அதுதான் கிடைத்தது.

சிரிப்பு அங்கே என்ன வேலை செய்தது என்று பாருங்கள். எடுத்தவுடனே மருத்துவர் உன்னை அடிப்பானா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் வந்திருக்கும், பழக்கமில்லாத ஆள் அதிகாரக் குரலில் கேட்டால் யாரும் மூடிக்கொள்வார்கள். சிரித்த பிறகு அப்படி மூடிக்கொள்ள முடிவதில்லை. ஆடம் காதலனைத்தான் கேலி செய்தார், அவளை இல்லை என்பதும் முக்கியம். அவள் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்று அவளுக்குப் புரிகிறது. எல்லா நாளும் அவர் இவ்வளவு நுணுக்கமாக இருந்தார் என்று சொல்லவில்லை, அழைத்தவரையே போட்டு மிதித்த நாட்களும் உண்டு, பெண்களைப் பற்றியும் சில இனத்தவரைப் பற்றியும் அவர் பொத்தாம்பொதுவாகப் பேசியவற்றை இன்று கேட்க முடியாது, அன்றும் கேட்டிருக்கக் கூடாது. உங்களுக்கு எரிச்சல் வந்த இடங்கள் அவையாக இருந்தால் நான் உங்களோடு இருக்கிறேன்.

இரண்டு பேர் இருப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது, அதை அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. அழைத்தவரை லைனில் வைத்துக்கொண்டே இவர்கள் இருவரும் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள். டாக்டர், இவன் குடியை விட்டுவிட்டேன் என்கிறான், ஆனால் பேசுவதைப் பார்த்தால் விட்டவன் மாதிரியா இருக்கிறது? இல்லை ஆடம், விட்டிருக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் இருந்த பிரச்சினையைத் தொடவே இல்லை. இப்படிப் போகும். அழைத்தவர் அந்த ஒரு நிமிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை, தற்காத்துக்கொள்ள வேண்டியதில்லை, தன் வாழ்க்கையை வேறு இருவர் பேசக் கேட்டால் போதும். குடும்ப சிகிச்சையில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். நார்வேயின் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சன் 1987-இல் எழுதிய கட்டுரையால் பரவலாகத் தெரியவந்தது, சிகிச்சை தருகிறவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், குடும்பம் உட்கார்ந்து கேட்கும். லவ்லைன்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை, இரண்டு மைக் இருந்ததால் தானாக அமைந்தது. ஆனால் பலன் அதே பலன்தான். ஒற்றை ஆள் நடத்தும் நிகழ்ச்சியில் இதற்கு வழியே கிடையாது.

ஒற்றை ஆளாக நடத்தி ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், பாலியல் ஆலோசனை சொன்ன டாக்டர் ரூத் வெஸ்ட்ஹைமர் இருந்தார். 1980-இல் நியூயார்க்கில் ஞாயிறு நள்ளிரவு தாண்டி கால் மணி நேர நிகழ்ச்சியாகத் தொடங்கி நாடறிந்த பெயரானார். அவரிடம் கிண்டலும் கண்டிப்பும் மருத்துவ அறிவும் ஒரே தொண்டையில் இருந்தன, பாட்டி மாதிரி பேசி எதையும் கேட்க வைத்துவிடுவார். அது அபூர்வம். ட்ரூ அப்படிப்பட்டவர் இல்லை. தனியாக விட்டால் அவர் வகுப்பெடுக்கப் போய்விடுவார், நீளமான மருத்துவச் சொற்கள் வரிசையாக வரும், ஆடம் அதை நிறுத்தி மனுஷ பாஷையில் சொல்லு என்பார். பொய் அழைப்புகளைப் பிடிப்பதிலும் ஆடம்தான் கில்லாடி. நண்பர்களோடு உட்கார்ந்து விளையாட்டாகப் போன் போடுகிற பையன்கள் தினமும் உண்டு, டாக்டர் பாவம் நம்பி அக்கறையாக விசாரித்துக்கொண்டிருப்பார், ஆடம் மூன்றாவது வாக்கியத்தில் வெட்டிவிடுவார். அப்படி வெட்டியதால்தான் மீதி அழைப்புகள் உண்மை என்று நாம் நம்ப முடிந்தது.

சரி, டாக்டர் பக்கம் வருவோம், அவர் சொல்வதெல்லாம் உருப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். குரலை வைத்தே ஒருவரின் கடந்த காலத்தைச் சொல்வது இந்த நிகழ்ச்சியின் அடையாளமாகிப்போனது. வளர்ந்த பெண் சின்னக் குழந்தையின் குரலில் பேசினால், அந்த வயதில் உனக்கு ஏதோ நடந்திருக்கிறது, என்ன என்று கேட்பார்கள், பல முறை ஆமாம் என்றே பதில் வரும். கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் யார் போன் போடுகிறார்கள் என்று யோசியுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத இருவரிடம் தன் கதையைச் சொல்ல மணிக்கணக்காகக் காத்திருப்பவர்களில், சிறு வயதில் அடிபட்டவர்கள் அதிகமாகத்தான் இருப்பார்கள். குரலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நிறைய ஆமாம் வந்திருக்கும். தப்பாகப் போன ஊகங்கள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

ஊகத்துக்கு அடியில் இருந்த எண்ணம் மட்டும் வீண் இல்லை. அதே காலத்தில், 1995-க்கும் 1997-க்கும் இடையில், அதே தென் கலிஃபோர்னியாவில் சான் டியாகோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனமும் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவத் துன்பங்களைப் பற்றிக் கேட்டன. 1998-இல் முடிவுகள் வெளிவரத் தொடங்கின. நான்கோ அதற்கு மேலோ வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம், எதையும் சந்திக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. அப்பா எங்கே என்று ஆடம் ஓயாமல் கேட்டதற்கு ஆய்வுலகம் எண்களோடு பதில் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிய உண்மையை ஒரு பெண்ணின் குரலில் படிக்க முடியாது, அதுவும் நாடே கேட்டுக்கொண்டிருக்கும்போது. ஒலிபரப்பில் ஒருவரின் காயத்தைத் திறந்துவிட்டு, ஆலோசகரைப் பார் என்று சொல்லிவிட்டு அடுத்த லைனுக்குப் போவது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம்.

பண விவகாரம் ஒன்றும் இருக்கிறது. 2012-இல் க்ளாக்ஸோஸ்மித்க்ளைன் என்ற மருந்து நிறுவனம் தன் மருந்துகளை முறைகேடாக விளம்பரப்படுத்திய வழக்கில் 300 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அரசு தாக்கல் செய்த புகாரில், 1999 மார்ச், ஏப்ரலில் மட்டும் வெல்புட்ரின் என்ற மனச்சோர்வு மாத்திரை தொடர்பாக ட்ரூ பின்ஸ்கிக்கு 2,75,000 டாலர் கொடுக்கப்பட்டதாக இருந்தது. தான் சொன்னதெல்லாம் தன் மருத்துவ அனுபவத்தை ஒட்டியதே என்பது அவர் தரப்பு. இருக்கலாம். ஆனால் மருத்துவர் என்ற நம்பிக்கையில் கேட்ட பிள்ளைகளுக்குப் பணம் வருவது தெரியாது, அதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எனவே ஆடம் அசட்டுத்தனம், ட்ரூ உண்மை என்று பிரித்துவிட முடியாது.

ஆடம் போன பிறகு என்ன ஆனது என்பதும் உங்கள் கேள்விக்கு ஒரு சோதனைதான். 2006 ஜனவரியில், பிரபல வானொலித் தொகுப்பாளர் ஹோவர்ட் ஸ்டெர்ன் விட்டுப்போன காலை நேரத்தைப் பல ஊர்களில் எடுத்துக்கொள்ள ஆடம் கிளம்பிவிட்டார். பிறகு ஸ்ட்ரைக்கர் என்ற கே-ராக் அறிவிப்பாளர் சில வருடம் இருந்தார். அருமையான குரல், மரியாதையானவர், டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார். தகவல் குறையவில்லை, ஆனால் நிகழ்ச்சி ஆஸ்பத்திரி விசாரணை கவுன்ட்டர் ஆகிப்போனது: கேள்வி, பதில், அடுத்தது. 2010-இல் வந்த மைக் கேதர்வுட் கொஞ்சம் உயிர் கொடுத்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர் அவர், அதை மறைத்ததும் இல்லை, போதை பற்றிய அழைப்புகளில் டாக்டரோடு சமமாக நின்று பேசினார். அந்த அழைப்புகள் மட்டும் பழைய தரத்தில் இருக்கும். 2016 ஏப்ரல் 28 அன்று கடைசி நிகழ்ச்சி, அன்று ஆடமைத் திரும்ப அழைத்துவந்துதான் முடித்தார்கள்.

எம்டிவியில் 1996 முதல் 2000 வரை தொலைக்காட்சி வடிவமும் வந்தது. ஆடம், ட்ரூ இருவரும் இருந்தும் அது எனக்கு ஒட்டவில்லை. அரங்கில் கூட்டம், கைதட்டல், சிலர் எழுந்து நின்று எல்லோர் முன்பும் கேட்டார்கள். முகம் தெரிந்துவிட்டால் ஆள் நடிக்கத் தொடங்கிவிடுவார்.

கேட்பதைத் தொடர்வதாக இருந்தால் 1997 முதல் 2003 வரையிலான பதிவுகளில் விருந்தினர் இல்லாத இரவுகளைத் தேடுங்கள். புது ஆல்பத்தை விற்க வந்த இசைக்குழு மைக்கைப் பிடித்துக்கொண்டால் அழைப்புகள் பாதியாகிவிடும். செய்தியைச் சொல்லி இது ஜெர்மனியில் நடந்ததா ஃப்ளோரிடாவிலா என்று கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு வரும்போது தாண்டிப் போகாதீர்கள், இருவருக்கும் இடையே இருக்கும் இணக்கம் அதில் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு அழைப்பிலும் இரண்டாவது கேள்வியை யார் கேட்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். மருத்துவ விவரங்களை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். எச்.ஐ.வி. சிகிச்சை, அவசரக் கருத்தடை, ஓபியாய்டு (அபின் வகை) போதைக்கான மருந்துகள் மூன்றுமே அந்தப் பதிவுகளுக்குப் பிறகு வெகுவாக மாறிவிட்டன. அவற்றுக்கு இன்றைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.